'வரும்' என்று நினைத்தேன், 'வந்தது' என்று எழுதினேன்!

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் என்ன எழுத வேண்டியிருந்தாலும் அது என் தலையில்தான் விடியும். பள்ளிக்கூடத்து லீவு லெட்டர், பாங்க் ஃபாரம், கேஸ் கம்பெனிக்குப் புகார், எல்லாமே நான்தான். நான் ஒன்றும் பெரிய படிப்பு படித்தவளில்லை. பத்தாம் வகுப்பு, அதுவும் தமிழ் மீடியம். ஆனால் என் கணவர் காலையில் கடை திறக்கப் போனால் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்லிச் சொல்லியே எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புக்கு ஊட்டியில் ஒரு ராத்திரி சரியான அடி விழுந்தது.

என் சின்னவளுக்கு வீசிங் உண்டு. பனிக்காலம் வந்தால் போதும், ராத்திரியில் வறட்டு இருமல் ஆரம்பித்து நெஞ்சில் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். வீட்டில் இருக்கிறவரை பிரச்னை இல்லை. இருமல் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், எழுந்து விளக்கைப் போட்டு இன்ஹேலரை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

ஆறாம் வகுப்பில் அவளை ஊட்டிக்கு டூர் அழைத்துப் போனார்கள். அதற்கு முன்னால் பெற்றோர் சம்மதப் படிவம் ஒன்று வந்தது. அதில் பிள்ளைக்கு ஏதாவது உடம்புக்கு உண்டா என்று கேட்டு, நாலு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு, சமையல் மேடையிலேயே வைத்து எழுதினேன். "ஷி யூஸ்ட் டு கெட் வீசிங் இன் கோல்டு வெதர். ஷி யூஸ்ட் டு டேக் இன்ஹேலர்." இரண்டே வரி. குளிர் காலத்தில் அவளுக்கு வீசிங் வருவது வழக்கம், இன்ஹேலர் எடுப்பது வழக்கம் என்று சொல்லியாகிவிட்டது என்று எனக்கு ஒரே திருப்தி. இன்ஹேலரை ஒரு பையில் போட்டு, ஸ்வெட்டரோடு சேர்த்துப் பெரிய பெட்டியில் பத்திரமாக வைத்து அனுப்பினேன். அந்தப் பத்திரம்தான் பிறகு வினையாகப் போயிற்று.

விடிகாலையில் வந்த போன்

இரண்டாவது நாள் விடிகாலை மூன்று மணி இருக்கும். போன் அடித்தது. அந்த நேரத்துப் போன் என்றாலே வயிற்றைக் கலக்குமே, உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? டீச்சர்தான் பேசினார்.

"அம்மா, பயப்படாதீங்க. பாப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து புகை மருந்து வச்சிருக்கோம். இப்ப பரவாயில்லை, தூங்கறா."

நடந்தது இதுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரியில் விடிகாலை உறைபனிகூட விழும். அந்தக் குளிரில் நடுராத்திரி இவளுக்கு இருமல் வந்திருக்கிறது. தோழிகள் முன்னால் இன்ஹேலர் வைத்துக் கொள்ள வெட்கப்பட்டு, போர்வைக்குள்ளேயே அடக்கி அடக்கிப் படுத்திருந்திருக்கிறாள். பக்கத்துப் பெண் எழுந்து டீச்சரைக் கூப்பிட்டிருக்கிறாள். டீச்சர் வந்து பார்த்து, குளிருக்கு வந்த சாதாரண இருமல் என்று நினைத்து வெந்நீர் கொடுத்திருக்கிறார். மூச்சு இழுப்பது அதிகமானதும்தான் பயந்துபோய் மற்றவர்களை எழுப்பியிருக்கிறார். இன்ஹேலர் இருந்த பெட்டியோ பஸ்ஸின் டிக்கிக்குள். டிரைவரை எழுப்பி, சாவி வாங்கி, நாற்பது பெட்டிகளுக்கு நடுவில் அதைத் தேடி எடுப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிட்டது.

கடவுள் புண்ணியத்தில் குழந்தை நல்லபடியாகத் திரும்பி வந்தாள். ஆனால் என் கோபம் தணியவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

"நான்தான் ஃபாரத்துல தெளிவா எழுதிக் குடுத்திருந்தேனே டீச்சர். அதைப் படிக்கக்கூட உங்களுக்கு நேரமில்லையா?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்த டீச்சர் கோபப்படவில்லை. பீரோவைத் திறந்து, கட்டிலிருந்து என் படிவத்தை உருவி எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"படிச்சேன்மா. ரெண்டு தடவை படிச்சேன். முன்னாடி வீசிங் வந்துக்கிட்டிருந்தது, முன்னாடி இன்ஹேலர் எடுத்துக்கிட்டிருந்தா அப்படின்னுதானே நீங்க எழுதியிருக்கீங்க? சரி, இப்ப குணமாயிடுச்சு போலன்னு நினைச்சேன். இன்ஹேலர் கொண்டு வந்திருப்பான்னே எனக்குத் தோணலை."

"முன்னாடி இல்லீங்களே டீச்சர். இப்பவும்தான் வருது. அதைத்தானே எழுதியிருக்கேன்?"

அவர் 'யூஸ்ட் டு' என்ற இரண்டு சொற்களின் கீழே விரலை வைத்தார். "இது இருந்தா, பழைய கதைன்னு அர்த்தம்மா." கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவரே, "எனக்கும் ஒரு போன் போட்டுக் கேட்கணும்னு தோணியிருக்கணும். அது என் தப்புதான்" என்றார். சண்டைக்குப் போன நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குழப்பம் எங்கே வந்தது?

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் அவர் டீச்சரம்மா. அன்று சாயங்காலமே அவரிடம் போய் நின்றேன்.

"அம்மா, 'யூஸ்ட் டு'ன்னா 'வழக்கம்'னுதானே அர்த்தம்? எங்க ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

டீச்சரம்மா சிரித்துவிட்டார். "பாதி சரி. அது வழக்கம்தான், ஆனா முடிஞ்சுபோன வழக்கம். 'முன்னெல்லாம் செய்யறது உண்டு'ன்னு அர்த்தம். நீ மட்டும் இல்லம்மா, என்கிட்டப் படிச்சவங்கள்ல பாதிப் பேர் இந்தத் தப்பைப் பண்ணியிருக்காங்க. அதுக்குக் காரணம் நம்ம தமிழ்தான்."

"தமிழா?"

"ஆமா. 'வரும்'னு ஒரு சொல்லை எடுத்துக்க. 'நாளைக்கு சிலிண்டர் வரும்'னு சொல்றோம். அது இனிமே நடக்கப்போறது. 'பனிக்காலத்துல அவளுக்கு இருமல் வரும்'னு சொல்றோம். அது இப்ப இருக்கிற வழக்கம். 'நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப எங்க தெருவுக்குக் குச்சி ஐஸ் வண்டி வரும்'னு சொல்றோம். அது எப்பவோ நின்னுபோனது. மூணுக்கும் ஒரே 'வரும்'. கேக்கறவங்களுக்கு இடத்தைப் பார்த்தே புரிஞ்சுடும். இங்கிலீஷ்ல அது நடக்காது. மூணுக்கும் தனித்தனியா சொல்லணும்."

ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார். நாளைக்கு வரப்போவதற்கு 'வில் கம்'. எப்போதும் வருவதற்கு வெறும் 'கம்ஸ்'. முன்னால் வந்துகொண்டிருந்து நின்று போனதற்கு 'யூஸ்ட் டு கம்'. அவ்வளவுதான் விஷயம். நமக்கு 'வழக்கம்' என்றதும் 'யூஸ்ட் டு' ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் இப்போதும் நடக்கிற வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் தனி அலங்காரமே வேண்டாம். நேராகச் சொன்னாலே அது வழக்கத்தைத்தான் குறிக்கும். 'ஷி கெட்ஸ் வீசிங் இன் கோல்டு வெதர்' என்று எழுதியிருந்தால் போதும். இரண்டு சொல் குறைச்சலாக எழுதியிருந்தால் என் பெண் அந்த அரைமணி நேரம் தவித்திருக்க மாட்டாள்.

இதில் ஒரு வேடிக்கையும் சொன்னார் டீச்சரம்மா. சில நூறு வருஷங்களுக்கு முன்னால் ஆங்கிலேயர்களே இப்போதைய வழக்கத்துக்கும் இந்தச் சொல்லை உபயோகித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். அந்த உபயோகம் தேய்ந்து மறைந்து, இறந்தகாலம் மட்டும் மிச்சமிருக்கிறது. "பழைய இங்கிலீஷ் எழுதிட்டேன்னு சமாதானப்படுத்திக்கோ" என்று என்னைச் சிரிக்க வைத்தார்.

ஒரு வால் வைத்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' எழுதப் போகும்போது அவர் சொல்லிக் கொடுத்த சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. மனசுக்குள் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, கடைசியில் 'இப்போ இல்லை' என்று ஒரு வால் சேர்த்துப் பாருங்கள். வால் பொருந்தினால் 'யூஸ்ட் டு' எழுதலாம். பொருந்தாவிட்டால் எழுதக்கூடாது.

'நான் காபி குடிப்பேன், இப்போ இல்லை.' நீங்கள் காபியை விட்டுவிட்டவர் என்றால் சரி, 'ஐ யூஸ்ட் டு டிரிங்க் காபி' என்று எழுதுங்கள். இன்னும் குடிக்கிறவர் என்றால் 'ஐ டிரிங்க் காபி' போதும். அடிக்கடி, வழக்கமாக என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் வினைக்கு முன்னால் 'ஆஃபன்' அல்லது 'யூஷுவலி' சேர்த்துக் கொள்ளலாம். 'ஷி ஆஃபன் கெட்ஸ் எ கோல்டு' என்றால் அவளுக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும். அவன், அவள், அது என்று ஒருவரைச் சொல்லும்போது வினையின் கடைசியில் 'ஸ்' ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இந்தச் சோதனையைக் கற்றுக்கொண்டதும் வீட்டுக்கு வந்து பழைய கடிதங்களின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். வெட்கமாகிவிட்டது. 'ஷி யூஸ்ட் டு கம் பை வேன்' என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதியிருக்கிறேன். வேனில் வந்துகொண்டிருந்தாள், இப்போது இல்லை என்று அர்த்தம்! வேன் லேட்டாக வருகிறது என்று புகார் சொல்ல எழுதிய கடிதம் அது. எதிர்வீட்டுப் பெண் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். வாட்ஸப்பில் அவள் போட்டிருந்த விளம்பரத்திலும் 'வீ யூஸ்ட் டு ஸ்டிச் ஆல் டைப்ஸ் ஆஃப் ப்ளவுஸஸ்' என்று இருந்தது. முன்னெல்லாம் தைத்தோம் என்று விளம்பரம் செய்தால் யார் துணி கொண்டு வருவார்கள்? ஓடிப்போய் 'வீ ஸ்டிச்' என்று மாற்றச் சொன்னேன்.

டாக்டர் 'டி'யும் டீச்சர் 'டி'யும்

இனி எழுத்துக்கு வருவோம். இந்தச் சொல்லைச் சொல்லும்போது நடுவில் ஒரே ஒரு 'ட்' தான் காதில் விழும். அதனால் எழுதும்போதும் ஒன்றை விட்டுவிடுகிறோம். உண்மையில் அங்கே இரண்டு எழுத்து இருக்கிறது. முதல் சொல்லின் கடைசியில் இருப்பது 'டாக்டர்' என்று எழுதும்போது முதலில் வருகிற 'டி'. அடுத்த சொல்லின் ஆரம்பத்தில் இருப்பது 'டீச்சர்' என்று எழுதும்போது முதலில் வருகிற 'டி'. டாக்டரும் டீச்சரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஊட்டி ராத்திரி ஞாபகம் இருக்கும்வரை இது மறக்காது.

ஒரே ஒரு இடத்தில் டாக்டர் 'டி' விடை பெற்றுக்கொள்ளும். முன்னால் 'டிட்' வந்தால் அது போய்விட வேண்டும். 'சின்ன வயசில் அவளுக்கு வீசிங் வருமா?' என்று கேட்பதற்கு, 'டிட் ஷி யூஸ் டு கெட் வீசிங்?' 'முன்னெல்லாம் வராது' என்பதற்கு, 'ஷி டிட் நாட் யூஸ் டு கெட் இட்.' இறந்தகாலத்தை 'டிட்' சுமந்துகொண்டுவிட்டது, அதனால் இன்னொரு தடவை வேண்டாம்.

இன்னொன்று, எண்ணிக்கையும் கால அளவும் சொல்கிற இடத்தில் 'யூஸ்ட் டு' வரக்கூடாது. மதுரையில் ஐந்து வருஷம் இருந்தோம் என்பதற்கு 'வீ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால் தப்பு. 'வீ லிவ்டு இன் மதுரை ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதுதான் சரி. ஐந்து வருஷம் என்று சொல்லாமல், முன்பு மதுரையில் இருந்தோம் என்று மட்டும் சொன்னால் 'வீ யூஸ்ட் டு லிவ் இன் மதுரை' சரிதான். அதே மாதிரி, மூன்று தடவை டாக்டரிடம் போனோம் என்றால் 'வீ வென்ட் த்ரீ டைம்ஸ்'.

ஒரே மாதிரி முகம், வேறு வேறு ஆள்

இதே உருவத்தில் இன்னும் இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, பழகிப்போனது. முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' இருந்தால் அர்த்தமே மாறிவிடும். 'ஐ ஆம் யூஸ்ட் டு கோல்டு வாட்டர்' என்றால் பச்சைத் தண்ணீரில் குளித்து எனக்குப் பழகிவிட்டது என்று பொருள். இது இப்போதைய சங்கதி. இதற்குப் பின்னால் ஒரு செயல் வந்தால் அதோடு 'இங்' சேர வேண்டும். விடிகாலையில் எழுந்து எனக்குப் பழக்கம் என்பதற்கு 'ஐ ஆம் யூஸ்ட் டு கெட்டிங் அப் எர்லி'. 'ஆம்' இல்லாமல் 'ஐ யூஸ்ட் டு கெட் அப் எர்லி' என்று எழுதினால், முன்னெல்லாம் எழுந்திருப்பேன், இப்போது வெயில் வந்த பிறகுதான் எழுந்திருக்கிறேன் என்று ஆகிவிடும். உங்கள் மாமியார் ஆங்கிலம் படித்தவர் என்றால் ஜாக்கிரதை!

இரண்டாவது, ஒரு பொருளின் உபயோகம். 'ஸ்பேஸர் இஸ் யூஸ்ட் டு கிவ் த மெடிசின்' என்றால், மருந்து கொடுக்க அந்தக் குழாய் பயன்படுத்தப்படுகிறது என்று அர்த்தம். இங்கே உச்சரிப்பும் வேறு. வழக்கத்தைச் சொல்லும்போது நடுவில் வருவது 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற வெறும் காற்றுச் சத்தம். பொருளின் உபயோகத்தைச் சொல்லும்போது வருவது தேனீ ரீங்காரம் போடுகிற மாதிரி அதிர்கிற சத்தம். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. வாயால் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

உடம்பைப் பற்றி எழுதும்போது

இதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிற இலக்கணம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி ஃபாரம், பள்ளிக்கூட ஃபாரம், இன்ஷூரன்ஸ் ஃபாரம் மூன்றிலும் 'இப்போது உண்டா, முன்பு இருந்ததா' என்பதுதான் கேள்வியே. நாம் எழுதுகிற ஒரு சொல்லை வைத்துத்தான் எதிரே இருப்பவர் முடிவு எடுக்கிறார்.

மாமியாருக்கு பிளட் பிரஷர் மாத்திரை தினமும் கொடுக்கிறோம் என்று வையுங்கள். 'ஷி யூஸ்ட் டு டேக் எ டேப்லட்' என்று எழுதினால், மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றுதான் புது டாக்டர் நினைப்பார். அதற்குத் தகுந்தபடி வேறு மருந்து எழுதினாலும் எழுதுவார். 'ஷி டேக்ஸ் எ டேப்லட் எவ்ரி மார்னிங்' என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் அட்டையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.

ஒவ்வாமை விஷயத்தில் 'யூஸ்ட் டு' பக்கமே போக வேண்டாம். வேர்க்கடலையோ, ஏதாவது ஒரு மருந்தோ ஒத்துக்கொள்ளாது என்றால் 'ஹி இஸ் அலர்ஜிக் டு' என்று ஆரம்பித்து அதன் பெயரை எழுதுங்கள். ஒரு தடவை வந்து பல வருஷம் ஆகியிருந்தாலும் சரி, டாக்டர் பார்த்து 'இனி பயமில்லை' என்று சொல்கிறவரை அது இப்போதைய விஷயம்தான்.

உண்மையிலேயே முடிந்துபோனதற்கு 'யூஸ்ட் டு' தாராளமாக எழுதலாம், எழுதவும் வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாசத்திலிருந்து ஐந்து வயசு வரை, காய்ச்சல் ஏறும்போது ஜன்னி வருவது உண்டு. பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். அப்படி நின்றுபோன பிள்ளைக்கு 'ஹி யூஸ்ட் டு கெட் ஃபிட்ஸ் வித் ஃபீவர்' என்று எழுதி, பக்கத்திலேயே கடைசியாக வந்தது எப்போது என்று வருஷத்தையும் சேர்த்துவிடுங்கள். 'த லாஸ்ட் ஒன் வாஸ் இன் 2019' என்று ஒரு வரி இருந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. என் மாமனார் பீடியை விட்டவர். அவருடைய ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'ஹி யூஸ்ட் டு ஸ்மோக்' என்று எழுதி, விட்ட வருஷத்தையும் எழுதினேன். விட்டாயிற்றே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைக்கக்கூடாது. முன்பு புகை பிடித்தவரா என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான்.

ஆக, உடம்பைப் பற்றி எழுதும்போது மூன்று விஷயம் வந்துவிட்டதா என்று பாருங்கள். இப்போது உண்டா, இல்லையா? கடைசியாக எப்போது வந்தது? வந்தால் என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். நீளமாக எழுதினால்தான் மதிப்பு என்று நினைத்து நாம்தான் மாட்டிக்கொள்கிறோம்.

வீசிங் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களுக்கு

சொல்ல வந்ததோடு இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. இன்ஹேலர் எப்போதும் பிள்ளையின் கைக்கு எட்டுகிற பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் பத்திரப்படுத்தாதீர்கள். புறப்படுவதற்கு முன்னால் மருந்து தீர்ந்திருக்கிறதா, காலாவதி ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மலைப் பிரதேசத்துக்கு அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேஸர் கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் வையுங்கள். கூடப் போகிற டீச்சரிடம் நேரிலோ போனிலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்தில் படுக்கிற தோழிக்கும் தெரிந்திருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இன்ஹேலர் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை என்று பிள்ளைக்குப் பதிய வைக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு யாராவது வெட்கப்படுகிறார்களா?

தமிழிலேயே எழுதலாமே!

டீச்சரம்மாவிடம் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டேன். "இவ்வளவு நுணுக்கம் எனக்கு எல்லா நேரமும் ஞாபகம் இருக்குமாம்மா?"

"இல்லாட்டிப் போகுது. சந்தேகம் வந்தா தமிழ்ல எழுதிக் குடேன். படிக்கிற டீச்சரும் தமிழ்நாட்டுக்காரிதானே? 'பனியில் வீசிங் வருகிறது. இன்ஹேலர் கைப்பையில் இருக்கிறது. உடனே கொடுக்கவும்.' இதுல யாருக்காவது குழப்பம் வருமா? நாம இங்கிலீஷ் எழுதறது அடுத்தவங்களுக்குப் புரியறதுக்கு. நமக்கு இங்கிலீஷ் தெரியும்னு காட்டறதுக்கு இல்லை."

சுருக்கென்று தைத்தது. அன்றைக்குச் சமையல் மேடையில் நான் ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம், தமிழில் எழுதினால் டீச்சர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதுதான். என் பெண் போர்வைக்குள் இருமலை அடக்கியதும் அதே வெட்கம்தானே! அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயே வரவில்லை.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. போன மாசம் ஏற்காட்டுக்கு டூர் போனாள். இந்தத் தடவை ஃபாரத்தை அடுப்படியில் வைத்து எழுதவில்லை. மேஜையில் உட்கார்ந்து, மேலே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். 'ஷி கெட்ஸ் வீசிங் இன் கோல்டு வெதர். ஹர் இன்ஹேலர் இஸ் இன் ஹர் ஹேண்ட்பேக். ப்ளீஸ் கால் மீ அட் எனி டைம்.' கீழே அதையே தமிழிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சின்னவள் எட்டிப் பார்த்துப் படித்தாள். "ஏம்மா, 'யூஸ்ட் டு' போடலையா?" என்று குறும்பாகக் கேட்டாள்.

"அடியே, உனக்கு வீசிங் முழுசா நின்னு போகட்டும். அன்னிக்குப் பெரிய எழுத்துல எழுதிக் குடுக்கறேன்" என்றேன்.